பம்பரத்தில் இரண்டு ‘ப’

(‘கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எழுதப் படிக்க வராததற்குப் பெரிதும் காரணம் வீட்டுச் சூழலே! கற்பிக்கும் முறையே!’ என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், ‘கற்பிக்கும் முறையே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

அன்பான நடுவர் ஐயா அவர்களே! முழங்கித் தள்ளிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தலைவர் அவர்களே! அரங்கம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி நேயர்களே!

ஐயா, நான் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. 22 வருஷமா சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இன்னைக்குக் காலையில கிளம்பும்போது எங்க வீட்டுக்காரர் கேட்டார், “எந்த அணி?”ன்னு. “கற்பிக்கும் முறைதான் காரணம்னு பேசுற அணிங்க”ன்னேன். “ஏம்மா, நீயே டீச்சர். சொந்தக் காசுல சூனியமா? திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூம்ல உனக்கு ஒருத்தரும் டீ தரமாட்டாங்களே!”ன்னார். (சிரிப்பு)

டீ இல்லாட்டிப் பரவாயில்லை ஐயா. உண்மையைப் பேசிட்டுப் போறேன்.

எதிரணித் தலைவர் பேராசிரியர் என்ன சொன்னார்? “விதை நல்ல விதை. விதைக்கிறவரும் நல்லவர். ஆனா நிலம் வறண்ட நிலம். வீட்டில் ஆங்கிலமே இல்லை. ஆசிரியர் என்ன செய்வார், பாவம்!” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் அசந்துபோய் ரெண்டு தட்டு தட்டிட்டேன். (சிரிப்பு) அப்புறம்தான் தோணுச்சு, இவர் நிலத்தைத் தோண்டிப் பார்த்தாரா?

நான் தோண்டிப் பார்த்தேன் ஐயா. எங்க பள்ளிக்கூடத்துக்கு ஓர் அம்மா வந்தாங்க. பூ வியாபாரம். கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். அன்னைக்கு அவங்க என்கிட்ட சொன்னது இது: “டீச்சர், நேத்து பஸ்ஸு லேட்டு. வீட்டுக்குப் போனா கரண்டு இல்லை, ஃபேன் ஓடலை. பிள்ளைக்குக் காய்ச்சல். டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கிட்டு ராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அதான் லீவு லெட்டர் கொண்டாந்தேன்.”

எண்ணிப் பாருங்க. டீச்சர், பஸ், லேட், கரண்ட், ஃபேன், டாக்டர், டோக்கன், லீவு, லெட்டர். ஒரு மூச்சுல ஒன்பது ஆங்கில வார்த்தை! இதுவா ஐயா வறண்ட நிலம்? பத்தடியில தண்ணி நிக்குது. தோண்ட ஆள் இல்லை! (கைதட்டல்)

இன்னும் கேளுங்க. பஸ், ஃபேன், பேக், கப், மக், டின், பின், பெட். இந்த எட்டும் எந்தக் குடிசையிலயும் புழங்குற வார்த்தை. எட்டும் மூணு மூணு எழுத்து. சத்தம் எப்படியோ அப்படியே எழுத்து. ஆங்கிலம் படிக்கத் தொடங்குற பிள்ளைக்கு இதைவிட நல்ல வார்த்தை கிடைக்குமா?

நாங்க இதுல தொடங்குறோமா? மாட்டோம்! சுவர்ல ஒரு அட்டையை மாட்டுவோம். ஒய் ஃபார் யாக்! எங்க ஊர்ல யார் வீட்டுத் தொழுவத்துல ஐயா யாக் கட்டியிருக்கு? (சிரிப்பு) எக்ஸ் ஃபார் சைலோஃபோன்! பிள்ளை அதைப் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. அதுலயும் ஒரு கூத்து. சைலோஃபோன்னு சொல்லும்போது எக்ஸ் எழுத்தோட வழக்கமான சத்தமே வரலை. அவன் கையிலதான் டிபன் பாக்ஸ் இருக்கே! பாக்ஸ்ல கடைசிச் சத்தம் என்னடான்னு கேட்டா முடிஞ்சது. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறது இதுதான்.

நடுவர் அவர்களே, படிக்கிறது என்றால் என்ன? 1986-ல் காஃப், டன்மர் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுக் காட்டினார்கள். எழுத்தைச் சத்தமாக மாற்றத் தெரிய வேண்டும். அது ஒன்று. அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டால் பொருள் புரிய வேண்டும். அது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கவனியுங்க, கூட்டல் இல்லை, பெருக்கல். கூட்டல்னா ஒண்ணு இல்லாட்டியும் இன்னொண்ணு மிஞ்சும். பெருக்கல்ல ஒரு பக்கம் பூஜ்யம்னா மொத்தமும் பூஜ்யம்!

‘யாக்’ங்கிற வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படிச்சாலும் பொருள் பூஜ்யம். ஆனா ‘பஸ்’? பொருளை அவங்க அம்மா இலவசமா கொடுத்து அனுப்பிட்டாங்க. நான் சேர்க்க வேண்டியது எழுத்து ஒண்ணுதான். பாதி வேலையை வீடு முடிச்சுக் கொடுத்திருக்கு. மீதிப் பாதியைச் செய்யாத நாங்க, வீட்டைக் குறை சொல்றோம்!

சரி, வகுப்பில் என்ன நடக்கிறது? நானே வாக்குமூலம் தர்றேன். நான் ஒரு வரி வாசிப்பேன், நாற்பது பிள்ளைகளும் திருப்பிச் சொல்லும். தெருக்கோடி வரை கேட்கும். அதிகாரி வந்தார். “ஆகா, என்னமா வாசிக்கிறாங்க!”ன்னு ஒரு பையனைக் கூப்பிட்டு, பக்கத்தின் நடுவில் ஒரு வார்த்தை மேல விரலை வச்சு, “இதைப் படிப்பா”ன்னார். அவன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் முதல் வரியில இருந்து மளமளன்னு ஆரம்பிச்சு, அந்த வார்த்தை வந்ததும் நிறுத்தினான்! (சிரிப்பு) சரணம் கேட்டா, பல்லவியில இருந்து பாடினால்தான் ஐயா அவனுக்கு வரும். அது வாசிப்பு இல்லை, பாட்டு.

எழுத்து மட்டும் என்ன வாழுது? “பள்ளிக்குத் தாமதமாக வரமாட்டேன்”ங்கிறதை ஆங்கிலத்துல ஐம்பது தரம் எழுதிட்டு வான்னு ஒருத்தனுக்குத் தண்டனை கொடுத்தேன். மறுநாள் கொண்டாந்தான். முத்து முத்தான கையெழுத்து. உத்துப் பார்த்தா, முதல் வார்த்தையை மேலிருந்து கீழே ஐம்பது தரம் எழுதியிருக்கான். அப்புறம் ரெண்டாவது வார்த்தை, மேலிருந்து கீழே ஐம்பது. நாத்து நடுற மாதிரி வரிசை கட்டி நட்டுட்டான்! (சிரிப்பு) ஐம்பது தரத்துல ஒரு தரம்கூட அந்த வாக்கியம் அவன் மனசுக்குள்ள போகலை. நாலு கோடு நோட்டு நிறைஞ்சது, பிள்ளை நிறையலை. ஆனா நான் ‘வெரி குட்’ போட்டேன் ஐயா.

இப்ப சிரிக்க முடியாத ஒண்ணைச் சொல்றேன்.

2006-ஆம் வருஷம். மூணாம் வகுப்பு. ‘உன்னைப் பற்றி ஒரு வரி ஆங்கிலத்தில் எழுது’ன்னு சொன்னேன். பார்த்து எழுதுறது இல்லை, சொந்தமா எழுதணும். யாருமே எழுதலை. ஒரே ஒரு பையன் எழுதினான். எதையும் யோசிக்காம சிலேட்டைத் தூக்கிக் காட்டினான். ‘நான் ஒரு பெரிய பையன்’னு எழுத நினைச்சிருக்கான். ‘ஐ ஆம் எ பிக் பாய்.’ ஆனா ‘பிக்’ல நடுவுல ‘ஐ’ எழுத்துக்குப் பதிலா ‘இ’ எழுத்தைப் போட்டுட்டான். என்ன ஆச்சு? ‘பிக்’, ‘பெக்’ ஆயிடுச்சு. பெரிய பையன், பிச்சை கேட்கிற பையன் ஆயிட்டான்.

நான் சிரிச்சேன் ஐயா. சிரிச்சதோட விட்டேனா? அர்த்தத்தைச் சத்தமா வகுப்புக்கே சொன்னேன். வகுப்பே சிரிச்சது. அன்னைக்கு மத்தியானத்துல இருந்து அவனுக்குப் பேரே அதுவாயிடுச்சு. அந்த வருஷம் முழுக்க அவன் சொந்தமா ஒரு வரி எழுதலை. கரும்பலகையில இருக்கிறதை மட்டும் பார்த்து எழுதினான்.

அவங்க அம்மாதான் நான் சொன்ன பூக்கார அம்மா. ஒருநாள் கூப்பிட்டு, எதிரணி நண்பர்கள் சொன்ன அதே வசனத்தை நானும் சொன்னேன். “வீட்ல யாராவது சொல்லிக் கொடுத்தால்தானேம்மா இங்கிலீஷ் வரும்?” அந்தம்மா பூக்கூடையைக் கீழே வச்சுட்டுச் சொன்னாங்க: “வீட்ல யாருக்கும் தெரியாதுன்னுதானே டீச்சர், உங்ககிட்ட அனுப்புறேன்?”

(பலத்த கைதட்டல்)

நீங்க கைதட்டுறீங்க. எனக்கு அன்னைக்குக் கை எழும்பலை. இந்தப் பட்டிமன்றத்துக்கு அந்தம்மா அப்பவே தீர்ப்புச் சொல்லிட்டாங்க ஐயா. நோய் இருக்குன்னுதானே ஆஸ்பத்திரிக்கு வர்றோம்? “உனக்கு நோய் இருக்கே, நான் என்ன செய்ய?”ன்னு டாக்டர் கேட்கலாமா?

அந்தப் பையன் செய்தது தப்பா? ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். ‘பிக்’னு சொல்லிப் பார்த்தேன். நடுவில் என்ன சத்தம் கேட்குது? ‘இ’. ஏ, பி, சி, டி, இ! ‘இ’ன்னு பேர் உள்ள எழுத்து எது? நான்தானே சொல்லிக் கொடுத்தேன்! காதுல ‘இ’ கேட்டான், ‘இ’ங்கிற எழுத்தைப் போட்டான். தமிழ்ல எழுத்தோட பேரும் அதோட சத்தமும் ஒண்ணு. ‘க’ன்னா ‘க’தான், ‘ம’ன்னா ‘ம’தான். ஆங்கிலத்துல பேர் வேற, வேலை வேற. ‘டபிள்யூ’ன்னு அவ்வளவு நீளமாப் பேர் வச்சிருக்கு, வாய்க்குள்ள ‘வ’ன்னுதான் வேலை செய்யுது. பேரை மனப்பாடம் பண்ண வச்ச நான், வேலையைச் சொல்லித் தரலை. 26 எழுத்துதான், ஆனா சத்தம் ஏறக்குறைய 44. இந்த விவரத்தைச் சொல்லாம பிள்ளை தடுமாறுதுன்னா எப்படி? ஒருத்தரும் எழுதாத வகுப்புல, காதை நம்பி எழுதினவன் அவன் ஒருத்தன்தான். அறிவாளி செய்கிற தப்பைச் செய்தான். சிவப்பு மை எனக்குப் போட வேண்டியது ஐயா.

அதுக்கப்புறம்தான் நான் பாடம் நடத்துறதை நிறுத்திட்டுப் பிள்ளைகள் பேசுறதைக் கேட்க ஆரம்பிச்சேன். எங்க பிள்ளைகளுக்கு ஏ-க்கு அடுத்து வருகிற ‘பி’யும், ஓ-க்கு அடுத்து வருகிற ‘பி’யும் எப்பவும் குழப்பம். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே ‘ப’தானே! “அந்தச் சத்தமே இவங்க வாயில வராது”ன்னு நாங்களே முடிவு கட்டியிருந்தோம். இடைவேளையில பையன்கள் பம்பரம் விட்டுக்கிட்டு இருந்தாங்க. “பம்பரம், பம்பரம்”னு ஒருத்தன் கத்தினான். எனக்குப் பளிச்சுன்னுச்சு. பம்பரத்துல ரெண்டு ‘ப’ இருக்கு. நீங்களும் சொல்லிப் பாருங்க. முதல் ‘ப’வும் ரெண்டாவது ‘ப’வும் ஒரே சத்தமா? இல்லை! முதல் ‘ப’ பேனாவுல வருகிற ‘ப’, ரெண்டாவது ‘ப’ பஸ்ஸுல வருகிற ‘ப’! (கைதட்டல்)

வாயில வராதுன்னு நான் சொன்ன சத்தத்தை அவன் ‘தம்பி’ன்னு கூப்பிடும்போது நாள் முழுக்கச் சொல்றான். ‘தங்கம்’னு சொல்லு, கோட் என்கிற ஆட்டோட முதல் சத்தம் அதுக்குள்ள இருக்கு. ‘வண்டி’ன்னு சொல்லு, டாக்டரோட முதல் சத்தம் இருக்கு. இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டான்? வீட்டுல ஐயா! எதிரணியினர் வறண்ட நிலம் என்றார்களே, அந்த வீட்டுல! தமிழ் அவனுக்குத் தடை இல்லை. ஏறிப் போக ஏணி.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அதே 2006-ல், அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு, வீட்டில் வேறு மொழி பேசிவிட்டுப் பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து அறிக்கை கொடுத்தது. எழுத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள உறவை ஒழுங்காகச் சொல்லித் தந்தால், வார்த்தைகளை வாசிப்பதில் இந்தப் பிள்ளைகளும் மற்றவர்களுக்குச் சமமாக வரமுடியும். ஆனால் பத்தியைப் புரிந்துகொள்வதில் பின்தங்குகிறார்கள். ஏனென்றால் ஆங்கிலப் பேச்சு அவர்கள் காதில் போதிய அளவு விழவில்லை. தாய்மொழியில் பெற்ற எழுத்தறிவு ஆங்கில எழுத்தறிவுக்குக் கைகொடுக்கிறது. இவ்வளவும் அந்த அறிக்கையில் இருக்கிறது.

உடனே எதிரணித் தம்பி துள்ளுவார். “பார்த்தீங்களா, பேச்சு காதில் விழலைன்னு அவங்களே சொல்லிட்டாங்க, அதைத்தான் நாங்க வீடுன்னு சொல்றோம்!” என்பார். தம்பி, உட்காருங்க. ஒத்துக்கிறேன். வீட்டில் புத்தகம் இருக்கிற பிள்ளைக்கு, கதை படித்துக் காட்டுகிற தாத்தா இருக்கிற பிள்ளைக்கு வசதி கூடத்தான். மறைக்கலை. ஆனா வீட்டில் விழாத பேச்சை எங்கே விழ வைக்கணும்? பள்ளியில! “எழுதுடா, எழுதுடா”ன்னு வாயை மூடி வச்சா எங்கே விழும்? முதல்ல பேசணும். ‘கம்’, ‘சிட்’, ‘ஓபன் தி பாக்ஸ்’னு விளையாட்டா பேசி, காதுல ஊறி, வாயில வந்து, அப்புறம் கண்ணுக்கு, கடைசியாக் கைக்கு. குழந்தை தமிழ் கத்துக்கிட்ட வரிசையும் அதுதானே? பிறந்த பிள்ளை கையில யாரும் பலப்பத்தைத் திணிக்கலையே!

நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்று ஓர் ஆசிரியை. மாவோரிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிக்கக் கற்றுத் தந்தவர். 1963-ல் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். என்ன செய்தார்? “உனக்கு இன்னைக்கு எந்த வார்த்தை வேணும்?” என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டார். சொன்னதை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். பிள்ளைகள் கேட்டது என்ன? பேய், முத்தம்! பயமும் பாசமும்! மனசுக்குள் கிடக்கிற வார்த்தையை ஒருமுறை பார்த்தாலே பிள்ளை மறக்காது என்று கண்டார்.

நானும் செஞ்சு பார்த்தேன். “என்ன வார்த்தை வேணும்?”னு கேட்டேன். பஸ், ஐஸ், போலீஸ்னு வந்தது. ஒரு பொண்ணு, எட்டு வயசு, “எனக்கு லோன் வேணும் டீச்சர்”னுச்சு. (சிரிப்பு) நானும் உங்களை மாதிரிதான் சிரிக்கப் போனேன். அந்தப் பொண்ணு சொல்லுச்சு: “ராத்திரி எங்க வீட்ல அம்மாவும் அப்பாவும் அதைத்தான் பேசுறாங்க டீச்சர். அது எப்படி இருக்கும்னு பார்க்கணும்.” எழுதிக் கொடுத்தேன். அந்த நாலு எழுத்தை அது மறக்கவே இல்லை.

பேராசிரியர் அவர்களே, நீங்க வெளிநாட்டு முறைன்னு சொல்லிடக் கூடாது. 1789-ல் ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரியார் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை ஏற்று நடத்தினார். எழுத்தே ஏறவில்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது, நம்ம ஊர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அந்த மணலைத் தன் பள்ளிக்குள் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. இங்கிலீஷ்காரன் பிள்ளைகளுக்கே இங்கிலீஷ் எழுத்தைச் சொல்லிக் கொடுக்க நம்ம மணல் போச்சு ஐயா! (பலத்த கைதட்டல்) மணல்ல ஒரு நன்மை. தப்பாப் போட்டா கையால தடவிட்டு மறுபடி எழுதலாம். சிவப்பு மை கிடையாது. யாரும் சிரிக்க மாட்டாங்க.

நடுவர் மணியைத் தொட்டுட்டார். ஒரே நிமிஷம் ஐயா, முடிச்சிடுறேன்.

2019-ல் ஒரு வங்கியில் வரிசையில் நின்றேன். ஓர் இளைஞர், இருபத்தொரு வயசு இருக்கும், ஒரு படிவத்தை நீட்டி, “டீச்சர், இதைக் கொஞ்சம் நிரப்பித் தர்றீங்களா?”ன்னு கேட்டார். வண்டிக் கடன் விண்ணப்பம். நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பையன். “நீயே எழுதலாமேப்பா, பேரும் ஊரும்தானே?”ன்னேன். அவன் சிரிச்சான். “வேணாம் டீச்சர், நான் எழுதினா தப்பாயிரும். நீங்களே எழுதுங்க.” கோபம் இல்லை, குத்திக் காட்டலை. சாதாரணமாத்தான் சொன்னான். பதிமூணு வருஷம் ஐயா! ஒரு சிரிப்பு அவன் விரலைப் பதிமூணு வருஷம் கட்டிப் போட்டிருக்கு.

நான் எழுதித் தரலை. பேனாவைக் கொடுத்துட்டுப் பக்கத்துல உட்கார்ந்தேன். ஒவ்வொரு சத்தமா நான் சொன்னேன், ஒவ்வொரு எழுத்தா அவன் எழுதினான். பின்னால வரிசை நகர்ந்து போயிடுச்சு. முக்கால் மணி நேரம் ஆச்சு. எழுதி முடிச்சான். “தப்பு உன்னோடது இல்லைப்பா, என்னோடது”ன்னு அன்னைக்குத்தான் சொன்னேன். மூணாம் வகுப்புல சொல்லியிருக்க வேண்டியது.

அந்த வீட்டில் பூக்கூடைக்குப் பக்கத்தில் ஆங்கிலப் புத்தகம் இருந்ததில்லை. உண்மைதான். ஆனா அவன் கையைக் கட்டினது அந்த வீடா? சொல்லுங்க நடுவர் அவர்களே! வீடு காதும் வாயும் நிறைய மொழியைக் கொடுத்துத்தான் பிள்ளையை அனுப்புகிறது. அதைக் கேட்டு வாங்கத் தெரியாதது எங்கள் முறை. எனவே, கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எழுதப் படிக்க வராததற்குப் பெரிதும் காரணம் கற்பிக்கும் முறையே, கற்பிக்கும் முறையே என்று அடித்துக் கூறி, அந்தப் பூக்கார அம்மா ஏற்கெனவே சொன்ன தீர்ப்பையே நீங்களும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)